பெருங்காயம் வைத்த பாண்டம்

எங்கள் வீட்டில் சாம்பிராணிக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. பிள்ளை பெற்றவளுக்கும், தலைக்கு ஊற்றிய குழந்தைக்கும், எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு நிற்கும் பெண்களுக்கும் புகை போடலாம், அது மருந்து. விளக்கு வைக்கிற நேரத்தில், அதுவும் வெள்ளிக்கிழமை என்ற காரணத்துக்காக, புகை போடக் கூடாது, அது அஞ்ஞானம். சட்டத்தை இயற்றியவர் என் தாத்தா. உபதேசியார் ஒருவருக்கு மகனாகப் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையில் ஒரு தலைமை வாத்தியார் ஓய்வு பெறுவது சம்பளப் பட்டியலில் மட்டும்தான். வீட்டில் மணி அடித்துக்கொண்டேதான் இருக்கும்.

அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட பிரஜை ஆச்சி ஒருத்திதான். அவள் பிறந்தது ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே, தாமிரபரணிக் கரையில், வாழையும் நெல்லும் விளைகிற ஒரு சிற்றூர். அவள் குடும்பத்தில் வேதத்துக்கு வந்தவர் வேறு யாரும் இல்லை. பன்னிரண்டு வயதில் தாயை இழந்து, மிஷன் போர்டிங்கில் படிக்க வந்து, பதினேழு வயதில் ஞானஸ்நானம் பெற்று, பதினெட்டில் தாத்தாவுக்கு வாழ்க்கைப்பட்டவள். என் அறிவுக்கு எட்டிய மட்டும் ஆச்சியைப் போல வேதாகமம் வாசித்த பெண்பிள்ளையை நான் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தலில் முடிப்பாள். முடித்த அன்று ராத்திரியே மறுபடி தொடங்குவாள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் சைவப் பிள்ளைமார். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் அவர்கள் வீட்டுப் புகை மதில் ஏறி எங்கள் கிணற்றடிக்கு வரும். அந்த நேரத்தில் ஆச்சிக்குக் கிணற்றடியில் ஏதாவது ஜோலி இருக்கும்.

"என்ன ஆச்சி பாக்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஒண்ணுமில்லலே. துணி காஞ்சிட்டான்னு பாக்கேன்."

கொடியில் துணியே இல்லை. மத்தியானமே எடுத்து மடித்து வைத்துவிட்டிருந்தாள்.

எங்கள் சபையின் கோயில்களுக்கு வாசனை விஷயத்தில் ஒரு சரித்திரம் உண்டு. இங்கிலாந்தில் 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தம் தூபக் கலசத்தை ஆலயத்தை விட்டு வெளியேற்றியது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த மிஷனெரிகள் திருநெல்வேலிக்கு வந்து பார்த்தால், இங்கே கோயில் என்றாலே கற்பூரமும் புகையும்தான். ஆகவே வைராக்கியம் இரட்டிப்பாயிற்று. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் 1826-இல் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயத்தை ஊரில் ஊசிக்கோபுரம் என்பார்கள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குள் உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளையடித்த சுவர், தேய்ந்த பெஞ்சு, பாட்டுப் புஸ்தகம், அம்மாக்கள் தலையில் மல்லிகை. மல்லிகை சொந்தத் தலையோடு வந்து சொந்தத் தலையோடு போய்விடும். கோயிலுக்கென்று ஒரு மணம் கிடையாது.

கத்தோலிக்கர் சமாசாரம் வேறே. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, கூடப் படித்த பையன் ஒருவன் கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்கு என்னை அழைத்துப் போனான். தாத்தாவுக்குத் தெரியாது. பீடத்தில் சிறுவன் ஒருவன் சங்கிலி கோத்த தூபக் கலசத்தை வீசினான். வெள்ளை மேகம் போல் எழும்பிற்று. என் சிநேகிதன் கண்ணை மூடிக்கொண்டான்; முகமே மாறிவிட்டது. நானும் மூடிக்கொண்டேன். எனக்கு முன்னால் வந்து நின்றது தேவ தூதர்கள் யாரும் இல்லை. தலைக்கு ஊற்றிய என் தம்பிப் பயலின் சுருட்டை மயிரும், ஆச்சியின் மடியும்தான். ஒரே புகை, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மூக்கு. அவனுக்கு அது பரலோகம், எனக்கு அது கொல்லைப்புறம்.

வேதாகமத்தைப் புரட்டினால் அங்கே கடவுளுக்கு மூக்கு இல்லை என்று சொல்லவே முடியாது. ஜலப் பிரளயம் வடிந்ததும் நோவா பலியிடுகிறார். அந்தச் சுகந்த வாசனையைக் கர்த்தர் முகர்ந்த பிறகே பூமியை இனிச் சபிப்பதில்லை என்ற தீர்மானம் வருகிறது. யாத்திராகமம் 30-ஆம் அதிகாரத்தில் தூபவர்க்கத்துக்கு எந்தச் சரக்கு, எந்தச் சரக்குக்குச் சம எடை என்று நாட்டு வைத்தியர் ஓலை மாதிரி எழுதியிருக்கிறது. அதே சேர்மானத்தைத் தானே முகர்ந்து மகிழ்வதற்காகச் செய்கிறவன் ஜனத்தாரிலிருந்து அறுப்புண்டு போவான் என்ற எச்சரிக்கையும் கூடவே இருக்கிறது. என் தாத்தாவின் இரண்டு சட்டங்களை இப்போது நினைத்தால், மோசேயினுடைய சட்டத்தை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து வைத்தது போலத் தோன்றுகிறது. அங்கே தூபம் கடவுளுக்கு மாத்திரம். எங்கள் வீட்டில் கடவுளைத் தவிர மற்ற எல்லாருக்கும்!

வயதான ஈசாக்குக்குக் கண் தெரியவில்லை. குரல் யாக்கோபின் குரலாக இருக்கிறதே என்று சந்தேகப்படுகிறார். காது சரியாகத்தான் சொல்லிற்று. ஆனால் மகன் உடுத்தி வந்த ஏசாவின் வஸ்திரத்தில் வயல்வெளி வாசனை அடித்ததும், கிழவருக்குச் சந்தேகம் எல்லாம் பறந்து, ஆசீர்வாதம் பொழிந்துவிடுகிறது. மூக்கை நம்பினால் ஆள் மாறிப் போகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. தாத்தா பயந்ததும் இதற்காகத்தானோ என்னவோ.

பெத்தானியா ஊர் மரியாளின் கதையில் எனக்கு நெடுநாளாக ஒரு குறுகுறுப்பு இருந்தது. விலையேறப்பெற்ற நளதத் தைலத்தில் ஒரு இராத்தல் கொண்டுவந்து இயேசுவின் பாதங்களில் பூசித் தன் கூந்தலால் துடைக்கிறாள், வீடெல்லாம் மணக்கிறது. இதை முந்நூறு பணத்துக்கு விற்றிருக்கலாமே என்று யூதாஸ் கணக்குப் போடுகிறான். ஒரு பணம் என்பது ஒரு கூலிக்காரனின் ஒரு நாள் கூலி. ஆக, ஏறக்குறைய ஒரு வருஷத்து உழைப்பு. அந்த நளதம் என்ன சரக்கு என்று விசாரித்தேன். இமயமலைச் சரிவில் விளைகிற ஒரு வேர். நம் நாட்டு மருந்துக் கடைகளில் சடாமாஞ்சில் என்பார்கள். ரோமாபுரிப் பிளினி தைலச் சரக்குகளில் நளதத்துக்கே முதல் ஸ்தானம் கொடுக்கிறார். கங்கைப் பக்கத்து நளதம் சேரநாட்டு முசிறித் துறையிலே கப்பலேறியதாக, முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கப்பல் வழிக் குறிப்பு ஒன்று சொல்கிறது. பெத்தானியாவுக்குப் போன பரணி எந்தத் துறை வழியாகப் போயிற்றோ, சரக்கு நம் பக்கத்துச் சரக்கு.

திருநெல்வேலி டவுனில், நெல்லையப்பர் கோயில் ரத வீதியில் ஒரு கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, சடாமாஞ்சில் இருக்கா?"

"தலைக்கு எண்ணெய் காச்சவா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பொட்டலம் மடித்தார்.

வீட்டுக்கு வந்து பிரித்து முகர்ந்தேன். ஈர மண், பழைய கிடங்கு, கொஞ்சம் ஆட்டுக் கிடை, அதற்கெல்லாம் அடியில் மெல்லிசாக ஏதோ ஓர் இனிப்பு. அத்தரை எதிர்பார்த்திருந்த எனக்கு முகம் சுளித்தது. ஆனால் அடுத்த மூச்சிலேயே ஆச்சியின் தலையணை உறை நினைவுக்கு வந்துவிட்டது! கரிசலாங்கண்ணிச் சாறும் தேங்காயெண்ணெயும் சேர்த்து அவள் காய்ச்சிய கூந்தல் தைலத்தில் இந்த வேர்தான் மிதக்கும். கூந்தல் வளர்வதற்கு என்று நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இதைத்தான் போடுகிறார்கள். பெத்தானியா மரியாள் பாதத்தில் பூசிய தைலத்தைத் துடைக்கத் தலைமயிரைத் தேடினாள் என்றால், அது எங்கள் ஊர்ப் பெண்கள் யாருக்கும் விநோதமாகப் படாது. அந்த அதிகாரத்தை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். ஐம்பது பைசாக் காகிதத்தில் மடித்த வேர்தான் என்னை அந்த வீட்டுக்குள் கொண்டுபோய் விட்டது.

பாளையங்கோட்டைக் கோயிலுக்கு மணம் இல்லை என்றேன். கிழக்கே தேரிக்காட்டுப் பக்கம் போனால் இந்த வழக்கு எடுபடாது. 1799-இல் வேதத்துக்கு வந்தவர்களுக்கென்றே உண்டான முதல் ஊர் முதலூர். அதற்குப் பிறகு நாசரேத்து, சாயர்புரம், மெஞ்ஞானபுரம் என்று செம்மண்ணில் வரிசையாக எழும்பின. மெஞ்ஞானபுரத்துக் கோபுரம் 192 அடி; பனங்காட்டுக்கு மேலே அது ஒன்றுதான் பனையை ஜயித்த உயரம். தாத்தாவின் அக்காள் வாழ்க்கைப்பட்டது அந்தப் பக்கம். பங்குனி, சித்திரையில் போனால், ஊருக்குள் நுழையும் முன்பே விடிலியில் பதநீர் காய்கிற வாசனை வந்து கையைப் பிடித்து அழைத்துப் போகும். பனையோலை எரிகிற புகையும், பாகு முறுகுகிற இனிப்பும், கலயத்துச் சுண்ணாம்பின் காரமும் கலந்த வாசனை. பாகைச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக எடுக்கிற வரைக்கும் பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகரமாட்டோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிற ஆண்களின் சட்டையிலும் அந்தப் புகைதான். பனையேறிகள் துவைத்த வெள்ளையோடு வந்தாலும் விடிலி அவர்களை விடாது. கருப்பட்டி மணக்காத கோயிலில் தனக்கு ஜெபம் வராது என்று அத்தைப்பாட்டி சொல்லுவாள்.

அசனப் பண்டிகையை நான் வர்ணிக்கப் போவதில்லை. சாப்பிட்டவர்களுக்கு வேண்டியதில்லை, சாப்பிடாதவர்களுக்குச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். முந்தின ராத்திரியே கோயில் வளவில் அடுப்பு வெட்டி, பெரிய பெரிய வார்ப்புகளை ஏற்றி, ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கும். விடிந்ததும் ஆராதனை. கதவு ஜன்னலெல்லாம் திறந்திருக்கும். மல்லி, மிளகாய், வெந்த கறி, விறகுப் புகை எல்லாமாகச் சேர்ந்து பிரசங்க பீடம் வரை நடந்து வரும். ஐயர் சொர்க்கத்து விருந்தைப் பற்றிப் பிரசங்கிப்பார். அந்த விஷயத்தில் எங்களில் ஒருவருக்காவது அவிசுவாசம் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. பிறகு பணக்காரர், கூலிக்காரர், வெளியூரார், அந்த ஊர் வேறு மதத்தார் எல்லாரும் தரையில் ஒரே வரிசை. தூக்குவாளியில் வீட்டுக்கும் கொடுத்து அனுப்புவார்கள். பீடத்தில் தூபம் கூடாது என்று தடுத்தவர்களால் வளவிலிருந்து வந்த இந்தத் தூபத்தைத் தடுக்க முடியவில்லை. தடுக்கவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவும் இல்லை.

தாத்தா போய்ப் பதினைந்து வருஷத்துக்குப் பிறகு, ஆச்சிக்கு ஞாபகம் கலைய ஆரம்பித்தது. முதலில் பெயர்கள் போயின. பிறகு ஆட்கள். கடைசியில் என் அப்பாவை "ஸார்" என்று கூப்பிட்டாள். போர்டிங் பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. அப்பா கிட்டே வந்தால் எழுந்து நிற்கப் பார்ப்பாள். அறுபது, எழுபது தடவை முடித்த வேதாகமத்தில் ஒரு வசனம் மிச்சமில்லை. பரமண்டல ஜெபத்தை அம்மா தொடங்கி வைத்தால், இரண்டு வார்த்தையோடு வழி தெரியாமல் நின்றுவிடுவாள். அப்பா சேகரக் கமிட்டியில் இருந்தவர். தன் தாய் ஜெபத்தை மறந்து சாவதை அவரால் தாங்க முடியவில்லை; ராத்திரியில் அவள் காதோரம் குனிந்து, குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் சொல்லிக்கொண்டிருப்பார்.

2008-ஆம் வருஷம் ஐப்பசி மாதம். என் மகளுக்கு மூன்று மாதம். தலைக்கு ஊற்றி, நடுக்கூடத்தில் வைத்து என் மனைவி சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தாள். மழைக் காற்று, புகை வாசலுக்குப் போகாமல் ஆச்சி அறைக்குள் திரும்பிற்று. கட்டிலில் சாய்ந்திருந்த ஆச்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு கைகளும் எழும்பின. எங்கள் வழக்கப்படி நெஞ்சுக்கு நேரே விரல்களைக் கோத்துக்கொள்ளவில்லை. தலைக்கு மேலே போய், கோபுரத்தைக் கும்பிடுகிறவர்கள் கும்பிடுவதுபோல் கூம்பி நின்றன. உதடு அசைந்தது. சத்தம் வெளியே வரவில்லை.

அப்பா பத்திரிகையும் கையுமாக வந்து வாசற்படியில் நின்றார்.

"மாமா, ஆச்சி கும்பிடுதாங்க" என்றாள் என் மனைவி மெதுவாக.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "ஜெபம் பண்ணுதா. சத்தம் போடாதீங்க" என்றார்.

மறுநாள் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றவில்லை. அப்பாவே சிரட்டைக் கரியை மூட்டி, தூபக்காலில் கங்கு அள்ளி, சாம்பிராணி தூவி, ஆச்சி அறை வாசலில் வைத்தார். தாத்தாவின் படம் அந்த அறைச் சுவரில்தான் தொங்கிற்று. அன்று முதல் தை மாதம் ஆச்சியை அடக்கம் பண்ணுகிற வரைக்கும், தினமும் சாயங்காலம் அது நடந்தது. சில நாள் கை எழும்பும். சில நாள் எழும்பாது. எழும்பின நாட்களில் அவள் யாரைக் கும்பிட்டாள்? பிறந்த ஊர்க் கோயிலிலே இருந்த சாமியையா? வெள்ளிக்கிழமை தோறும் புகை போட்டு, அவளுடைய பன்னிரண்டாம் வயதில் செத்துப்போன அம்மாவையா? எழுபது வருஷம் ஆராதித்த கிறிஸ்துவையா? ஒரு நாள் அப்பாவிடமே கேட்டேன்.

"அவளுக்கு முன்னால யாரு நின்னாங்கன்னு உனக்கு என்னலே?" என்றார்.

வாசனை என்ற சொல்லை நம் முன்னோர் லேசாகப் பயன்படுத்தவில்லை. பூர்வ ஜன்ம வாசனை என்கிறார்கள். மலம் நீங்கின பிறகும் அதன் வாசனை உயிரில் ஒட்டியிருக்கும் என்று சைவ சித்தாந்தப் பண்டிதர்கள் விளக்குவார்கள். அதற்கு அவர்கள் காட்டும் உவமை பெருங்காயம் வைத்த பாண்டம். பெருங்காயத்தை எடுத்துவிட்டாலும் பாண்டம் மணக்கும், கழுவினாலும் மணக்கும். இதைக் கழிக்கவேண்டிய குறையாகத்தான் அவர்கள் சொல்கிறார்கள். மிஷனெரிமாரும் அப்படித்தான் நினைத்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் இரு தரப்பாரும் ஒற்றுமையாக இருந்தது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. (நாற்றம் என்ற சொல்லுக்கு நேர்ந்த கதியும் வேடிக்கைதான். பழந்தமிழில் நறுமணம், இப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்கிற வார்த்தை.)

திருநெல்வேலிச் சபையின் முதல் பெயரே கழுவாத பாண்டம் ஒன்றின் பெயர்தான். தஞ்சாவூரிலிருந்து வந்த மராத்தியப் பிராமண விதவை, 1778-இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா அம்மாள். 1780-ஆம் வருஷத்துப் பாளையங்கோட்டைச் சபைப் பதிவில் 40 பேர். தலைமாட்டில் அவள் பெயர். அவள் முயற்சியால் எழும்பி 1785-இல் பிரதிஷ்டையான சின்னக் கோயில் இன்றும் இருக்கிறது. ஜனங்கள் அவளுக்கு வைத்த பெயரோ பாப்பாத்தியம்மாள். அது பாப்பாத்தியம்மாள் கோயில். விட்டு வந்த குலத்தை ஊரார் அவள் பெயரிலிருந்து கழற்றவே இல்லை. நம் பெருங்குளத்து மாதவையா 1915-இல் அவளை வைத்து ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார். வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை பாடின பாட்டுகளில் ஆழ்வார் வாசனை அடிக்கிறது என்று இன்றைக்கும் ரசிகர்கள் மெச்சுகிறார்கள். புலவனிடத்தில் அடித்தால் அது நயம். ஆச்சியிடத்தில் அடித்தால் அது அஞ்ஞானமா? தாத்தாவோடு நான் வாதாடாமல் விட்ட கேள்வி இது. அவர் இருந்தால் தகுந்த வசனத்தோடு பதில் சொல்லியிருப்பார்.

என் சொந்த விசுவாசம் அத்தனை கெட்டி அல்ல. கோயிலுக்குப் போவேன், பிரசங்கம் நடுவில் கதைக்குப் பாத்திரம் தேடிக்கொண்டிருப்பேன். எப்போதாவது பழைய பாட்டுப் புஸ்தகத்தைத் திறக்கும்போது காகிதத்திலிருந்து ஒரு வாசனை எழும்பும், நெஞ்சு இளகும், அந்த ஒரு நிமிஷம் நான் விசுவாசிதான். அப்படியானால் அது பக்தியா, பழக்கமா? 2021 மே மாதம் பதில் கிடைக்கிற மாதிரி ஒரு சோதனை வந்தது. கொரோனா என்னை லேசாகத்தான் தொட்டது; போகும்போது மூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது. காப்பி வெந்நீராயிற்று. மழை பெய்தால் மண் பேசாமல் கிடந்தது. ஆச்சியின் தூபக்காலை எடுத்துச் சாம்பிராணி போட்டுப் பார்த்தேன். கண் எரிந்ததோடு சரி.

இந்த விஷயத்தில் சாஸ்திரக்காரர்கள் சொல்வது சுவாரஸ்யமானது. மூக்கில் வாசனையைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளைக் கண்டு சொன்னதற்காக 2004-இல் ரிச்சர்ட் ஆக்ஸெல், லிண்டா பக் இருவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். கண்ணும் காதும் அனுப்புகிற செய்தி மூளையின் நடுவே ஒரு சாவடியில் நின்று, பிறகுதான் மேலே போகிறதாம். வாசனைக்கு அந்தச் சாவடி கிடையாது, நேரே உணர்ச்சியும் ஞாபகமும் குடியிருக்கிற இடத்துக்குப் போய்விடும் என்கிறார்கள். அந்த வழி எனக்கு அடைபட்டுப் போயிற்று. கோயில்கள் திறந்த பிறகு போய் உட்கார்ந்தேன். ஜெபங்கள் தமிழாக இருந்தன, பாட்டுகள் ராகமாக இருந்தன. அர்த்தம் தெரிந்தது. ஆனால் எல்லாம் யாரோ ஒருவருடைய கோயிலில் நடப்பதுபோல் இருந்தது. ஆச்சிக்கு வசனமெல்லாம் போய் வாசனை மட்டும் மிஞ்சிற்று. எனக்கு வாசனை போய் வசனம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இந்த இரண்டில் எது ஏழ்மை என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பேன்.

நாலு மாதம் அப்படியே போயிற்று. நடுவில் சில நாள் மூக்கு திரும்புவதுபோல் கண்ணாமூச்சி காட்டிற்று. வெங்காயம் தாளித்தால் ரப்பர் கருகியது, சோப்பு அழுகியது. புரட்டாசிக் கடைசியில், ஒரு கல்யாணத்துக்காக ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றுக்குப் போனோம். ஊருக்கு வெளியே மருத மரங்களுக்கு நடுவே பழைய சின்னக் கோயில். வாரத்துக்கு ஒரு தடவைதான் திறப்பார்களாம். உள்ளே போய் உட்கார்ந்தேன். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாம் பாட்டின் நடுவில் திடீரென்று ஏதோ ஒன்று குப்பென்று வந்து மூக்கில் ஏறிற்று. மேலே பார்த்தேன். விட்டத்தில் வரிசையாக வௌவால்கள்.

வௌவால் எச்சம்தான். நூறு வருஷத்து எச்சம். கலப்படம் இல்லாமல், வேறு எதுவாகவும் மாறாமல், அதே பழைய நாற்றம். பக்கத்திலிருந்த பெரியவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கதவைத் தொறந்து வைக்கக் கூடாதா இவங்க" என்று முனகினார். வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐயர் அன்றைக்கு முக்கால் மணி நேரம் பிரசங்கித்தார்.